ஆளிவிதையா, ஆளி எண்ணெயா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

நாகர்கோவிலில் கொஞ்சம் பெரிய மளிகைக்கடை எதில் நுழைந்தாலும் இப்போது ஓட்ஸ், சியா பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் ஆளிவிதையும் இருக்கிறது. சில கடைகளில் அதே அலமாரியில் சின்னக் கறுப்பு பாட்டிலில் அதன் எண்ணெயும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடுதல் என்று வந்ததும், யாராவது சொல்லக் கேட்டு, இரண்டையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். அப்புறம் விதையை முழுசாக அள்ளி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பதும், எண்ணெயைக் காயவைத்துக் கடுகு தாளிப்பதுமாகப் போகிறது. இந்த இரண்டு வழியிலும் உடம்பில் பெரிதாக ஒன்றும் சேராது.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையும் எண்ணெயும் ஒரே செடியில் இருந்து வந்தாலும், சாப்பாட்டில் இரண்டும் வேறு வேறு பொருள். பெரும்பாலான வீடுகளுக்கு விதையே போதும். அதுவும் வறுத்துப் பொடித்தது, ஆளுக்குத் தினமும் ஒரு மேசைக்கரண்டி. எண்ணெய் சிலருக்கு மட்டும் உதவும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சாளையோ அயிலையோ சாப்பிடுகிற வீட்டில், ஆளிவிதை வந்துவிட்டது என்பதற்காக மீனைக் குறைக்கவே கூடாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்த விதைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

ஆளி ஒரு பருவத்தில் வளர்ந்து முடிந்துவிடும் செடி. இடுப்பளவு உயரம், நீலநிறப் பூ. அதன் தண்டில் இருந்து எடுக்கும் நாரில்தான் லினன் துணி நெய்கிறார்கள். விதை தட்டையாக, வழவழப்பாக, ஒரு முனை கூராக இருக்கும். எள்ளைவிடப் பெரிது. பழுப்பு, மஞ்சள் என்று இரண்டு நிறத்தில் கிடைக்கிறது. மஞ்சளுக்கு விலை கூடுதல், சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பழுப்பையே வாங்கலாம்.

நம் மாவட்டத்தில் இது விளைவதில்லை. குளிரும் வறண்ட காற்றும் உள்ள பின்பனிக்காலம் இதற்கு வேண்டும். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் குளிர்காலப் பயிராக விதைக்கிறார்கள். அங்கே அல்சி என்ற பெயரில் சட்னியும் லட்டுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். இரண்டு மழையும் பெய்கிற, தென்னையும் வாழையும் ரப்பரும் நிற்கிற நம் மண்ணுக்கு இது வெளியூர்ச் சரக்கு. அதனால் நம் கைக்கு வருவதற்குள் குடோனில் எத்தனை மாதம் கிடந்தது என்பது முக்கியமாகிறது. கோட்டாறு கடைத்தெருவில் சில்லறையாக வாங்கினால், "அண்ணாச்சி, இது எப்ப வந்த சரக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாலு விதையை எடுத்து மென்று பாருங்கள். லேசான கொட்டைச் சுவை வந்தால் நல்லது. நாக்கில் கசப்பும் தொண்டையில் காறலும் வந்தால் பழைய சரக்கு, வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

நூறு கிராம் ஆளிவிதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு, 18 கிராம் புரதம், 27 கிராம் நார்ச்சத்து. அந்தக் கொழுப்பில் பாதிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 22 கிராம், ஒமேகா-3 வகை. இந்த அளவுக்கு ஒமேகா-3 உள்ள உணவுப்பொருள் நம் அடுக்களையில் வேறு எதுவும் இல்லை. ஒமேகா-3 என்ற சொல்லைக் கேட்காதவர்கள் இல்லை. ஆனால் அது என்ன என்று தெரிந்துகொண்டால்தான், எண்ணெயை ஏன் காயவைக்கக் கூடாது, விதைப்பொடியை ஏன் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

கொழுப்பு என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீளமான சங்கிலிகள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அந்தச் சங்கிலிகள் நேராக இருக்கும், ஒன்றோடொன்று நெருங்கி அடுக்கிக்கொள்ளும். அதனால்தான் குளிர்காலத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கிறது. ஆளி எண்ணெயில் உள்ள ஒமேகா-3 சங்கிலியில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. வால் பக்கத்தில் இருந்து எண்ணினால் மூன்றாவது கார்பனில் முதல் இரட்டைப் பிணைப்பு வரும், பெயரில் உள்ள 3 அதுதான். இரட்டைப் பிணைப்பு வரும் இடத்திலெல்லாம் சங்கிலி வளைகிறது. வளைந்த சங்கிலிகளால் நெருங்கி அடுக்க முடியாது. ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய், இன்னொன்றில் ஆளி எண்ணெய் வைத்து இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் முதல் கிண்ணம் வெள்ளையாகக் கட்டிப்போயிருக்கும். இரண்டாவது அப்படியே மஞ்சளாக ஓடும்.

இதே இரட்டைப் பிணைப்புகள்தான் ஆளியின் பலவீனமும். காற்றில் உள்ள ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ள அவை வசதியான இடம். சூடும் வெளிச்சமும் பட்டால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். ஆக்சிஜன் ஏறிய எண்ணெய் காறிப்போகும், கெட்ட வாடை அடிக்கும், அதில் இருந்த நன்மையும் போய்விடும். தச்சர்கள் கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசுகிற லின்சீட் ஆயில் இதே விதையின் எண்ணெய்தான். மரத்தில் பூசியதும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான படலமாக இறுகிவிடுகிறது. அந்த வேதிமாற்றத்தில் சூடும் பிறக்கும். லின்சீட் ஆயில் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறலாம். பெயிண்ட் கடையில் விற்கும் அந்த எண்ணெயைச் சாப்பாட்டில் சேர்க்கவே கூடாது. சீக்கிரம் உலர்வதற்காக அதில் உலோக உப்புகள் கலந்திருப்பார்கள். விலை குறைவு என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

சாளையும் ஆளியும் ஒன்றல்ல

ஒமேகா-3யில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. ஆளிவிதையில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. மீனில் இருப்பவை ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.வும். மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் டி.எச்.ஏ. வேண்டும். ரத்தக்குழாய், வீக்கம் சம்பந்தமான வேலைகளில் ஈ.பி.ஏ.வுக்குப் பங்கு உண்டு. ஏ.எல்.ஏ.வை நம் உடம்பு தானாக உண்டாக்க முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். வந்த ஏ.எல்.ஏ.வில் ஒரு பகுதியை உடம்பு ஈ.பி.ஏ.வாகவும் டி.எச்.ஏ.வாகவும் மாற்றிக்கொள்ளும்.

அந்தப் பகுதி மிகச் சிறியது. நூறு பங்கு ஏ.எல்.ஏ.வில் ஈ.பி.ஏ.வாக மாறுவது பத்துக்கும் கீழேதான். டி.எச்.ஏ.வாக மாறுவது பெரும்பாலும் ஒன்றுகூட இல்லை. குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் சக்திக்காக எரிந்துபோகிறது. ஆக, "ஆளிவிதையில் மீனைவிடப் பல மடங்கு ஒமேகா-3" என்று பாக்கெட்டின் மேல் எழுதியிருந்தால் கணக்கு சரிதான், ஆனால் ஒப்பிடுவது வேறு வேறு பொருள்களை.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கடற்கரையில் இருந்து வரும் சாளையும் அயிலையும் நெத்தோலியும் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் தயாராக வைத்திருக்கின்றன. கடலில் உள்ள நுண்பாசிகள் அவற்றை உண்டாக்குகின்றன. அதைத் தின்று மீன் சேர்த்துவைக்கிறது, மீனைச் சாப்பிட்டு நாம் பெறுகிறோம். நெய்ப்பிடித்த சாளை கிடைக்கும் காலத்தில் அதைவிட மலிவான, நல்ல ஒமேகா-3 நம் ஊரில் கிடையாது. குழம்பு வைத்தால் அந்தக் கொழுப்பு சட்டியிலேயே இருக்கும். எண்ணெயில் முறுகப் பொரித்தால் கொஞ்சம் வெளியேறிவிடும். சாளைக் குழம்பும் கிழங்கும் வழக்கமாகச் சாப்பிடுகிற ஒருவர் ஒமேகா-3க்காக ஆளி எண்ணெய் பாட்டில் வாங்குவது தேவையில்லாத செலவு என்பேன்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கதை வேறு. நம் வீடுகளில் புழங்குவது தேங்காயெண்ணெய். அதில் ஏ.எல்.ஏ. இல்லை. சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒமேகா-6 நிறைய, ஒமேகா-3 மிக மிகக் குறைவு. உளுந்திலும் கீரையிலும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் மீன் தொடாத வீடுகளில்தான் ஆளிவிதையின் மதிப்பு முழுதாகத் தெரியும். தவக்காலத்தில் மீன், இறைச்சியை விடுகிறவர்கள், கார்த்திகையில் மாலை போட்டு விரதம் இருக்கிறவர்கள் ஆகியோருக்கும் அந்த நாட்களில் இது கைகொடுக்கும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலோரத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் விலை ஏறிவிடும் காலம். அப்போதும் ஒரு டப்பா பொடி வீட்டில் இருப்பது நல்லது.

அளவு என்ன? வளர்ந்த ஆண்களுக்கு நாளைக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம் ஏ.எல்.ஏ. போதும் என்று அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை சொல்கிறது. ஒரு மேசைக்கரண்டி ஆளிப்பொடி சுமார் 7 கிராம் இருக்கும். அதில் ஏறத்தாழ 1.6 கிராம் ஏ.எல்.ஏ. கிடைத்துவிடுகிறது. ஒரு கரண்டியோடு அன்றைய கணக்கு முடிந்தது.

நாரும் லிக்னனும்

மீன் சாப்பிடுகிற வீட்டுக்கும் நான் பொடியைச் சொல்வதற்குக் காரணம் இதுதான். மீனில் நார்ச்சத்து கிடையாது. ஆளிவிதையில் இரண்டு வகை நாரும் இருக்கிறது. ஒரு கரண்டி விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி போட்டு வைத்தால் காலையில் தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறு போல வழுவழுவென்று இழுக்கும். விதையின் தோலில் உள்ள கரையும் நார்தான் அப்படி ஆகிறது. குடலில் அது பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது. போன பித்தத்துக்குப் பதிலாகப் புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்தில் இருந்து கொலஸ்டிராலை எடுத்துக்கொள்கிறது. இப்படித்தான் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்டிரால் கொஞ்சம் இறங்குகிறது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது. கரையாத நார் மலத்தை இளக்கும். மலச்சிக்கலால் அவதிப்படும் வயதானவர்களுக்கு முதலில் தெரிகிற பலன் இதுதான்.

லிக்னன் என்பது தாவரங்களில் இருக்கும் ஒரு வகைப் பொருள். நாம் சாப்பிடுகிற பொருள்களிலேயே அது மிக அதிகமாக இருப்பது ஆளிவிதையில். குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அந்த வடிவம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல மிக லேசாக வேலை செய்யும். இதன் நன்மைகளைப் பற்றி ஆராய்ச்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. அதற்குள் புற்றுநோய் குணமாகும் என்று பரப்புவது பொறுப்பில்லாத பேச்சு.

எண்ணெயாகப் பிழியும்போது நாரும் லிக்னனும் புண்ணாக்கோடு போய்விடுகின்றன. பாட்டிலுக்குள் வருவது கொழுப்பு மட்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 7 கிராமுக்கு மேல் ஏ.எல்.ஏ. உண்டு, கூடவே 120 கலோரியும் உண்டு. பொடியில் ஒரு கரண்டிக்கு 37 கலோரிதான். எண்ணெய் பிழியாத விதையைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் கொலஸ்டிரால் குறைந்த அளவுக்கு எண்ணெய் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் குறையவில்லை என்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி 2013இல் கனடாவில் இருந்து வந்த ஓர் ஆய்வு நன்றாகத் தெரிந்த ஒன்று. காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள 110 நோயாளிகள் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் 30 கிராம் அரைத்த ஆளிவிதையை ரொட்டி, மஃபின் போன்றவற்றில் கலந்து ஆறு மாதம் கொடுத்தார்கள். ஆளிவிதை சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டபோது மேல் அழுத்தம் 10 புள்ளி, கீழ் அழுத்தம் 7 புள்ளி குறைவாக இருந்தது. நல்ல பலன்தான். ஆனால் 30 கிராம் என்றால் நாலு கரண்டிக்கு மேல், சாப்பிட்டவர்களும் நோயாளிகள். வீட்டில் ஒரு கரண்டி சாப்பிடுகிற எல்லோருக்கும் அதே அளவு இறங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த ஆய்வில் இருந்து எனக்குப் பிடித்த இன்னொரு தகவல், அவர்கள் விதைப்பொடியை அடுப்பில் வேகவைத்த பண்டங்களில் கொடுத்திருக்கிறார்கள் என்பது. பிழிந்த எண்ணெய்க்குச் சூடு ஆகாது. மாவுக்குள் கலந்த பொடி ஓரளவு தாங்கும். நம் புட்டுக்கும் தோசைக்கும் அது நல்ல செய்தி.

பொடிப்பது எப்படி?

முழு விதையின் தோல் கெட்டியானது. மெல்லாமல் விழுங்கினால் குடலைக் கடந்து வந்தபடியே வெளியே போய்விடும். எவ்வளவு மென்றாலும் எல்லா விதையும் உடையாது. ஆகவே பொடித்தே ஆக வேண்டும். ஆளிவிதையில் சயனைடு வெளியிடக்கூடிய பொருள்கள் சிறு அளவில் இருக்கின்றன. ஒன்றிரண்டு கரண்டியில் அது பயப்படும் அளவு இல்லை, வறுத்தால் இன்னும் குறையும். பச்சையாக நிறையத் தின்பதைத் தவிர்த்தால் போதும்.

இரும்புச் சட்டியைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் விடாமல் விதையைப் போட்டுக் கைவிடாமல் கிளறுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சடசடவென்று பொரியத் தொடங்கும், சில விதைகள் துள்ளி அடுப்படியில் விழும், வறுத்த வாசனை எழும். சத்தம் அடங்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். நிறம் மாறும்வரை காத்திருந்தால் கசக்கும். சட்டியிலேயே விடாமல் அகலத் தட்டில் பரத்தி நன்றாக ஆறவிடுங்கள். மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டக் கூடாது. இரண்டு சுற்று, நிறுத்தி ஒரு கிளறு, மறுபடி இரண்டு சுற்று. பொடி ஜாரின் ஓரத்தில் அப்பி மினுமினுக்கத் தொடங்கினால் எண்ணெய் கசிகிறது என்று அர்த்தம், அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். ரவை பதத்தைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் போதும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 200 கிராம் பொடி வேண்டியிருக்கும். அதற்கு மேல் அரைத்து வைக்காதீர்கள். தோல் உடைந்ததுமே ஆக்சிஜன் உள்ளே போக வழி திறந்துவிடுகிறது. நம் ஊரின் ஈரக் காற்றில், அதுவும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், பொடி சீக்கிரம் கட்டிபிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். முழு விதை வெளியே இருந்தாலும் மாதக்கணக்கில் கெடாது. கடையில் கிடைக்கும் அரைத்த பாக்கெட்டை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், அது எந்த மாதத்தில் அரைபட்டது என்பதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

எதில் சேர்ப்பது என்பதற்கு நம் சமையலில் வழி நிறைய இருக்கிறது. சிறந்தது என்று நான் சொல்வது சம்மந்திப்பொடி. தேங்காய்த்துருவல், உளுந்து, வற்றல்மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் புளி, உப்பு எல்லாம் வறுத்து இடிக்கும்போது, உளுந்து அளவுக்கு வறுத்த ஆளிவிதையும் சேர்த்துவிட்டால் சுவையில் அது தனியாகத் தெரியாது. தோசைக்கும் ஆகும், கஞ்சிக்கும் ஆகும். தீயலும் இதற்கு ஏற்றது. வறுத்த தேங்காயை அரைக்கும்போது இரண்டு கரண்டி பொடியைச் சேர்த்தால் நிறமும் ஒத்துப்போகும், குழம்பும் கெட்டிப்படும். அதனால் தண்ணீர் கொஞ்சம் கூட விட வேண்டும். புட்டுமாவில் கலந்தாலும் அப்படித்தான், பொடி ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வழக்கத்தைவிடச் சற்று அதிகம் தெளித்துப் பிசிற வேண்டும். குழந்தைகளுக்கு என்றால் கருப்பட்டித் தூளும் தேங்காயும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுக்கலாம், அல்லது மட்டிப்பழத்தை மசித்து அதில் ஒரு சின்னக் கரண்டி தூவலாம். மோரில் கலக்கினால் உடனே குடித்துவிடுங்கள், பத்து நிமிடம் வைத்தால் கொழகொழவென்று ஆகிவிடும்.

முதல் வாரம் அரைக் கரண்டியில் தொடங்குங்கள். நார் பழகாத வயிற்றில் ஒரேயடியாகப் போட்டால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். பழகிய பிறகு ஒரு கரண்டி, வேண்டுமென்றால் இரண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். இந்த நார் தண்ணீரை இழுத்து ஊதும். தண்ணீர் போதாவிட்டால் மலம் இளகுவதற்குப் பதிலாகக் குடலில் இறுகி அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய் யாருக்கு?

மீனே சாப்பிடாதவர்கள், பொடியின் நார் ஒத்துக்கொள்ளாதவர்கள், மெல்லவோ விழுங்கவோ சிரமப்படுகிறவர்கள் ஆகியோருக்கு எண்ணெய் ஒரு வழி. ஒரு தேக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் ஏ.எல்.ஏ. கிடைத்துவிடும், மேசைக்கரண்டிக் கணக்கில் ஊற்றத் தேவையில்லை. இந்த எண்ணெய் சுமார் 107 டிகிரி செல்சியஸிலேயே புகையத் தொடங்கும். தாளிக்கும் சூடு அதைவிட மிக அதிகம். ஆகவே அடுப்புக்கு இது வரவே கூடாது.

சாதத்தில், கஞ்சியில், தயிரில் கடைசியாக விட்டுக் கலக்கலாம். அவியலை இறக்கிய பிறகு பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றுகிறோமே, அந்த இடத்தில் இதைச் சேர்க்கலாம் என்று தோன்றும். நான் அதைச் சொல்ல மாட்டேன். அவியலின் மணமே தேங்காயெண்ணெயில் இருக்கிறது, ஆளியின் லேசான கசப்பு அதைக் கெடுத்துவிடும். இட்லிப்பொடியில் நல்லெண்ணெய்க்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி ஆளி எண்ணெய் விட்டுக் குழைப்பதுதான் மிகவும் இயல்பாகப் பொருந்துகிறது. மிளகாயின் காரத்தில் கசப்பு மறைந்துவிடும்.

வாங்கும்போது சின்ன பாட்டில், ஒளி புகாத பாட்டில், செக்கிலோ வேறு வகையிலோ சூடேற்றாமல் பிழிந்தது, தேதி புதிது என்ற நாலையும் பாருங்கள். திறந்ததில் இருந்து ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். திறக்கும்போது பெயிண்ட் வாடையோ பழைய மீன் வாடையோ அடித்தால் அந்த பாட்டிலைச் சமையலுக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் மரச்சாமான் இருந்தால் துடைக்கப் பயன்படும், துடைத்த துணியை மட்டும் விரித்துக் காயப்போடுங்கள்.

கவனிக்க வேண்டியவர்கள்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்றவற்றைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாலும் அப்படியே. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டும் சேர்ந்து அளவு தாழ்ந்துவிடாமல் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் லிக்னன் ஹார்மோனோடு சம்பந்தப்பட்டது என்பதால் கேட்காமல் சேர்க்க வேண்டாம். மார்பகம், கருப்பை சம்பந்தமான புற்றுநோய் வந்தவர்களுக்கும் இதே பேச்சுதான். குடல் சுருங்கிய நோய், குடல் அடைப்பு முன்பு வந்தவர்கள் பொடியைத் தொடக் கூடாது. அரிதாகச் சிலருக்கு ஒவ்வாமை வரும். உதடு வீங்கினால், உடம்பு தடித்தால் அன்றோடு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்த மாத்திரையாக இருந்தாலும் பொடியோடு சேர்த்து விழுங்கக் கூடாது. வழவழப்பான நார் மருந்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாமல் தாமதப்படுத்தும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பொடி, அல்லது பொடிக்கு இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை. தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுகிறவர்கள் காலைத் தோசையோடு பொடி வேண்டாம், அதை மத்தியானச் சோற்றுக்கோ சாயங்காலக் கஞ்சிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.